இருமுனை மனநோய்க்கான மாத்திரைகள்: என்ன செய்கின்றன, என்ன தொந்தரவு தருகின்றன

காவிரிப் பாசனப் பகுதியின் அரசு மருத்துவமனைகளில் மருந்து வழங்கும் சன்னலுக்குப் பின்னால் பல ஆண்டுகள் நின்றவன் நான். மனநலப் பிரிவிலிருந்து சீட்டுடன் வருகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகள் இரண்டு. "இது தூக்க மாத்திரைங்களா சார்?" என்பது ஒன்று. "இத எத்தனை நாளைக்குப் போடணும்?" என்பது மற்றொன்று. "இந்த மாத்திரை என்ன தொந்தரவு கொடுக்கும்?" என்று கேட்டவர்கள் மிகக் குறைவு. அப்படிக் கேட்கலாம் என்பதே பலருக்குத் தெரியாது. தொந்தரவு வந்த பிறகும் அவர்கள் கேட்பதில்லை. யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். சில மாதங்களில் நோய் முன்பைவிட வேகமாகத் திரும்பி வருகிறது. வீட்டார் "சொன்னால் கேட்கவே மாட்டான்" என்று நோயாளியின் மேல் வருத்தப்படுகிறார்கள். அது பெரும்பாலும் பிடிவாதமன்று என்றும், என்ன நேரும் என்பதை முன்கூட்டியே யாரும் உட்கார்ந்து சொல்லாததால் வந்த வினை என்றும் நான் உறுதியாக நம்புகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் "காலையில் ஒண்ணு, ராத்திரி ரெண்டு" என்று மட்டும் சொல்லி அட்டைகளை நீட்டியவன்தான். அந்தக் குறையைத் தீர்த்துக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

முதலில் நோயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இருமுனை மனநோய், அதாவது பைபோலார் கோளாறு, மனநிலை இரண்டு எல்லைகளுக்குப் போய்வரும் நோய். ஒரு முனையில் மனவெழுச்சி இருக்கிறது. குறுவை நாற்றுவிடும் நேரத்தில் ஒருவர் இரவில் இரண்டு மணி நேரம்கூடத் தூங்காமல், களைப்பே இல்லாமல், நிறுத்தாமல் பேசிக்கொண்டு, ஊரிலுள்ள தரிசு நிலத்தையெல்லாம் குத்தகைக்கு எடுக்கப் புறப்பட்டு, மனைவியின் தாலிச் சங்கிலியை அடகுவைத்து முன்பணம் கொடுக்கிறார் என்றால், அதை வெறும் சுறுசுறுப்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இத்தகைய நிலை ஒரு வாரமோ அதற்கு மேலோ நீடித்தால் மருத்துவர்கள் அதை மேனியா என்கிறார்கள். மறுமுனையில் மனச்சோர்வு இருக்கிறது. அதே மனிதர் சம்பா நடவின்போது சுவரைப் பார்த்துப் படுத்தபடி, குளிக்கவும் சாப்பிடவும் மனமின்றி, செத்துப்போனால் தேவலை என்று வாரக்கணக்கில் கிடப்பார். இரண்டுக்கும் நடுவில் எந்தக் குறையுமில்லாத நல்ல காலமும் வருகிறது. அந்த நல்ல காலம்தான் நோய் தீர்ந்துவிட்டதென்று நம்பவைத்து மாத்திரையைக் கைவிடச் செய்கிறது. 2019-ஆம் ஆண்டில் உலகில் சுமார் 4 கோடிப் பேர் இந்த நோயுடன் வாழ்ந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது.

இந்த மாத்திரைகளை நம் பகுதி மக்களுக்கு விளக்க எனக்குக் கைகொடுத்தது கல்லணைதான். மதகு ஆற்றை நிறுத்துவதற்காகக் கட்டப்பட்டதன்று; வெள்ளத்தின்போது கரை உடையாமலும், வறண்ட நாளில் கடைமடை காயாமலும், வருகிற நீரை அளவோடு விடுவதற்காகக் கட்டப்பட்டது. மனநிலையைச் சமன்படுத்தும் மருந்தும் அப்படிப்பட்டது. சிரிப்பையும் கோபத்தையும் துக்கத்தையும் அது பறித்துக்கொள்ள வேண்டியதில்லை. ஒருவர் மாத்திரை போட்டபின் எதிலும் உணர்வற்று மரக்கட்டைபோல் ஆகிவிட்டார் என்றால், மருந்தோ அளவோ அவருக்குப் பொருந்தவில்லை என்று பொருள். அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நோய்க்கு இதுதான் விதி என்று பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை.

மருந்துகளுக்கு இங்கே மூன்று வேலைகள் உள்ளன. எழுந்துவிட்ட எழுச்சியை இறக்குவது முதல் வேலை, விழுந்துவிட்ட மனத்தைத் தூக்குவது இரண்டாவது, இரண்டும் மறுபடி வராமல் காப்பது மூன்றாவது. ஒரே மருந்து மூன்றையும் ஒரே அளவில் செய்வதில்லை. அதனால்தான் சீட்டில் இரண்டு அல்லது மூன்று மாத்திரைகள் இருக்கின்றன. நோய் முற்றிவிட்டதற்கு அது அடையாளமன்று. நாள் செல்லச்செல்ல அவற்றில் சிலவற்றை மருத்துவர் குறைத்துவிடுவதும் வழக்கம்.

இவற்றில் மிகப் பழையதும் இன்றளவும் முதல் வரிசையில் நிற்பதும் லித்தியம். இது ஆய்வுக்கூடத்தில் கட்டி எழுப்பிய சிக்கலான வேதிப்பொருள் அன்று; மண்ணிலும் பாறையிலும் கிடைக்கும் ஓர் எளிய தனிமத்தின் உப்பு. ஆஸ்திரேலிய மனநல மருத்துவர் ஜான் கேட் இதை மேனியாவுக்குக் கொடுத்துப் பார்த்து 1949-இல் கட்டுரை வெளியிட்டார். நோயாளிகளுக்குக் கொடுக்கும் முன் தானே விழுங்கிப் பார்த்தவர் அவர். அவருடைய முதல் நோயாளியின் கதை இந்தக் கட்டுரையின் விஷயம் முழுவதையும் தனக்குள் அடக்கியிருக்கிறது. ஐந்து ஆண்டுகளாக மேனியா தணியாமல் மருத்துவமனையிலேயே கிடந்த அந்த 51 வயது மனிதர், 1948-இல் லித்தியம் தொடங்கிய சில மாதங்களில் வீடு திரும்பி வேலைக்குப் போனார். நன்றாகிவிட்டதே என்று மருந்தை நிறுத்தினார், நோய் திரும்பியது. மறுபடி தொடங்கினார்கள்; 1950-இல் லித்தியம் உடலில் மிகுந்து அதன் நச்சாலேயே இறந்தார். ரத்தத்தில் அதன் அளவைப் பார்த்து மருந்தைக் கூட்டிக் குறைக்கும் நடைமுறை அன்று உருவாகியிருக்கவில்லை. டென்மார்க்கின் மோகென்ஸ் ஷோ 1954-இல் முறையான ஒப்பீட்டு ஆய்வை வெளியிட்டு இந்த மருந்துக்கு அறிவியல் அடித்தளம் போட்டார். அமெரிக்கா 1970-இல்தான் மேனியாவுக்கு இதை அனுமதித்தது.

லித்தியத்தின் சிறப்பு என்னவென்றால், அது எழுச்சியை இறக்குவதோடு நிற்பதில்லை. ஆண்டுக்கணக்கில் நோய் திரும்பாமல் காக்கிறது, தற்கொலையால் ஏற்படும் இறப்புகளைக் குறைக்கிறது. வேலை தொடங்க ஒரு வாரம், சிலருக்கு இரண்டு வாரம் பிடிக்கும். ஆகவே "மூணு நாளா போடுறேன், ஒண்ணும் கேக்கல" என்று கைவிடக் கூடாது.

அதன் சிக்கல் என்னவென்றால், பயன் தரும் அளவும் தீங்கு செய்யும் அளவும் பக்கத்துப் பக்கத்து வயல்போல் ஒரே வரப்பால் பிரிக்கப்பட்டிருக்கின்றன. நீண்டகாலச் சிகிச்சையில் இருக்கும் பெரும்பாலோருக்கு ஒரு லிட்டர் ரத்தத்தில் 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருந்தால் நல்லது. 1.5-ஐத் தாண்டினால் நச்சு அறிகுறிகள் தொடங்கலாம். 2-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. முதியவர்களுக்கு இதைவிடக் குறைந்த அளவே தொல்லை தரக்கூடும். எனவே மருந்து தொடங்கிய அல்லது அளவை மாற்றிய ஒரு வாரத்திலும், பிறகு 3 முதல் 6 மாதங்களுக்கு ஒரு முறையும் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். லித்தியம் அளவோடு சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், தைராய்டுக்கான டி.எஸ்.எச்., கால்சியம் ஆகியவற்றையும் ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவது பார்க்க வேண்டும்.

இந்தப் பரிசோதனையில் நான் அடிக்கடி கண்ட ஒரு தவறு உண்டு. கடைசி மாத்திரை போட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். முதல் நாள் இரவு ஒன்பது மணிக்கு மாத்திரை போட்டால், மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ரத்தம் கொடுக்க வேண்டும். அதுவரை காலை மாத்திரையைத் தொடக் கூடாது. ஆனால் கிராமத்திலிருந்து விடியற்காலைப் பேருந்து பிடிக்கிறவர்கள், மருத்துவமனைக்குப் போகிறோமே என்று மறக்காமல் காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு வருவார்கள். அறிக்கையில் எண் உயர்ந்து நிற்கும். மருத்துவர் அளவைக் குறைத்துவிட நேரும். நோயாளிக்கு மருந்து பற்றாமல் போகும். மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்துக் கொண்டுவந்து ரத்தம் கொடுத்தபின் போட்டுக்கொண்டால் இந்தக் குழப்பம் இல்லை.

வழக்கமாக வரும் தொந்தரவுகள் என்னவென்றால், தாகம் அதிகரிக்கும், சிறுநீர் அடிக்கடி போகும், விரல்களில் மெல்லிய நடுக்கம் வரும், தொடக்கத்தில் குமட்டலோ லேசான வயிற்றுப்போக்கோ இருக்கும், எடை கூடலாம், முகப்பரு வரலாம். சாப்பிட்டபின் மாத்திரை போட்டால் குமட்டல் குறையும். தாகத்துக்குத் தண்ணீரும் மோரும் குடிக்க வேண்டும். பன்னீர் சோடாவும் கலரும் குடித்துத் தாகம் தீர்க்கிறவர்களுக்கு எடை கூடுவதில் மாத்திரையைவிடச் சர்க்கரைக்கே பங்கு அதிகம். கைநடுக்கம் வேலைக்கு இடைஞ்சலாக இருந்தால் அதைக் குறைக்க வழி இருக்கிறது. தறி நெய்கிறவரும் தையல் வேலை செய்கிறவரும் தங்கள் தொழிலை மருத்துவரிடம் சொன்னால்தான் அவர் அளவை மாற்றவோ வேறு மருந்து சேர்க்கவோ முடியும். தைராய்டு சுரப்பு குறைவது பெண்களுக்குக் கூடுதலாக வருகிறது. அதனால் வரும் சோர்வும் உடல் கனத்தலும் மனச்சோர்வுபோலவே தோன்றும் என்பதால் பரிசோதனை இல்லாமல் கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடித்துவிட்டால் தைராய்டு மாத்திரையைச் சேர்த்துக்கொண்டே லித்தியத்தைத் தொடரலாம். பல ஆண்டுகள் எடுக்கிறவர்களில் சிலருக்குச் சிறுநீரகத்தின் வேலைத்திறன் மெல்லக் குறையக்கூடும். கிரியாட்டினினைத் தொடர்ந்து பார்ப்பது அதற்காகத்தான்.

இனிச் சொல்வதை லித்தியம் எடுக்கும் ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்துவைத்திருக்க வேண்டும். நம் சிறுநீரகம் லித்தியத்தையும் சோறில் போடும் உப்பிலுள்ள சோடியத்தையும் ஏறக்குறைய ஒன்றுபோலவே கையாள்கிறது. உடலில் நீரும் உப்பும் குறைந்தால் சிறுநீரகம் சோடியத்தை வெளியே விடாமல் இழுத்துப் பிடிக்கும். அதோடு சேர்த்து லித்தியத்தையும் பிடித்துவைக்கும். மாத்திரையின் எண்ணிக்கை மாறாமலே ரத்தத்தில் மருந்து ஏறிவிடும். கத்திரி வெயிலில் நாள் முழுவதும் வயலில் நிற்பது, வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் காய்ச்சல், தண்ணீர்கூடக் குடிக்காத உபவாசம் ஆகிய எல்லாமே இந்த வழியில்தான் ஆபத்தாகின்றன.

அப்படி ஒரு சித்திரை மாதத்தில், கடைமடைக் கிராமம் ஒன்றிலிருந்து முப்பது வயதுக்குள் இருக்கும் மகனைக் கைத்தாங்கலாக அழைத்துக்கொண்டு ஒரு தாய் வந்தார். அவரை எனக்கு ஆண்டுக்கணக்கில் தெரியும். என்னைத் "தம்பி" என்றுதான் கூப்பிடுவார். "குடிக்கவே மாட்டான் தம்பி, ஆனா தெருவுல எல்லாரும் குடிச்சிருக்கான்னு சொல்றாங்க" என்றார். பையன் கால் பின்னப் பின்ன நடந்தான். நாக்குக் குழறியது. குடிக்கத் தண்ணீர் கொடுத்தபோது டம்ளர் பல்லில் மோதியது. பாதித் தண்ணீர் சட்டையில் கொட்டியது. முன்பு அவனுக்கு இருந்த விரல்நுனி நடுக்கமன்று இது. முழங்கை வரை உதறியது. மூன்று நாளாக வயிற்றுப்போக்கு என்றும், கதிர்க்கட்டுத் தூக்கியதில் இடுப்பு பிடித்துக்கொண்டதால் மருந்துக் கடையில் வலி மாத்திரை வாங்கிப் போட்டதாகவும், லித்தியத்தை மட்டும் ஒருவேளைகூட விடவில்லை என்றும் அந்த அம்மா சொன்னார். உடனே அவசரப் பிரிவுக்கு அனுப்பினோம். லித்தியத்தை நிறுத்தி, உப்புநீர் ஏற்றி, அளவு இறங்கும்வரை கவனித்தார்கள். ஒரு வாரத்தில் தானாக நடந்து வந்தான். மாத்திரையைத் தவறாமல் போட்டதுதான் அந்தத் தாயின் பெருமை. எப்போது போடக் கூடாது என்பதை நாங்கள் யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை.

இப்யூபுரூஃபென், டைக்லோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் லித்தியம் வெளியேறுவதைக் குறைக்கின்றன. நடவுக்கும் அறுப்புக்கும் பிறகு முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகளும், "ஒரு ஊசி போடுங்க" என்று கேட்டுப் போட்டுக்கொள்ளும் ஊசியும் பெரும்பாலும் இந்த வகையைச் சேர்ந்தவை. லித்தியம் எடுக்கிறவருக்குப் பாராசிட்டமால் ஓரளவு பாதுகாப்பானது. ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் எனலாபிரில், ராமிபிரில், லோசார்டான், சிறுநீரைப் பெருக்கும் தையசைடு மாத்திரைகள் ஆகியவையும் லித்தியம் அளவை ஏற்றும். எனவே எந்த மருத்துவரிடம் எந்த நோய்க்குப் போனாலும், பல் பிடுங்கப் போனாலும்கூட, "நான் லித்தியம் போடுகிறேன்" என்பதைச் சொல்ல வேண்டும். வாந்தியோ வயிற்றுப்போக்கோ தொடங்கினால் அடுத்த வேளை லித்தியத்தைப் போடாமல் அன்றைக்கே மருத்துவரைத் தொடர்புகொள்ள வேண்டும். கை பெரிதாக உதறுவது, நடை தள்ளாடுவது, பேச்சுக் குழறுவது, குழப்பம், அளவுமீறிய தூக்கம் ஆகியவை தெரிந்தால் மறுநாள்வரை காத்திருக்கக் கூடாது.

உப்பைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். கும்பகோணத்தை அடுத்த திருநாகேஸ்வரத்தில் உப்பிலியப்பனுக்கு உப்பில்லாமல்தான் தளிகை சமைக்கிறார்கள். அந்தப் பெருமாளை வேண்டிக்கொண்டு தாங்களும் உப்பில்லாமல் உண்டு விரதமிருப்பவர்கள் நம் பக்கத்தில் உண்டு. நாட்டு மருந்துக்கு உப்பில்லாப் பத்தியம் காக்கும் வழக்கமும் உண்டு. லித்தியம் எடுக்கிறவர் திடீரென்று உப்பை விட்டால் ரத்தத்தில் மருந்து ஏறும். திடீரென்று உப்பைக் கூட்டினால் மருந்து இறங்கி நோய் தலைதூக்கும். எப்போதும் சாப்பிடும் அளவு உப்பை அப்படியே தொடர்வதுதான் சரி. இப்படி விரதம் இருப்பதாக நேர்ந்துகொண்டவர்களிடம், கோயிலில் உப்பில்லாத பிரசாதம் ஒரு கைப்பிடி வாங்கி உண்பதில் எந்தத் தவறுமில்லை, நாள்கணக்கில் உப்பை விடுவதுதான் கூடாது என்று சொல்லியிருக்கிறேன். வெயில் காலத்தில் உப்புப் போட்ட நீராகாரத்தையும் மோரையும்விட நல்ல துணை வேறில்லை. காப்பியும் இந்தக் கணக்கில் சேரும். அது லித்தியத்தை வேகமாக வெளியேற்றுகிறது. ஒரு நாளைக்கு நாலைந்து டிகிரி காப்பி குடிக்கிறவர் ஒரேயடியாக நிறுத்தினால் மருந்தின் அளவு ஏறக்கூடும். குறைக்க நினைத்தால் மருத்துவரிடம் சொல்லிவிட்டு மெல்லக் குறைக்கலாம்.

அடுத்த வகை, வலிப்புக்காக வந்து மனநிலைக்கும் பயன்படும் மருந்துகள். "எனக்கு வலிப்பே இல்லையே, மருந்து மாத்திக் குடுத்துட்டீங்களா?" என்று அட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தவர்கள் பலர். மாற்றிக் கொடுக்கவில்லை. மூளை நரம்புகளின் மிகையான தூண்டலைத் தணிக்கும் தன்மை இந்த மருந்துகளுக்கு இருப்பதால் இரண்டு நோய்க்கும் உதவுகின்றன.

இவற்றில் நம் மருத்துவமனைகளில் அதிகம் வழங்கப்படுவது வால்ப்ரோயேட். மேனியாவை லித்தியத்தைவிடச் சற்று விரைவாக இறக்கும். நீர் குறைந்தால் நச்சாகும் சிக்கல் இதற்கு இல்லை. ஆனால் எடை கூடும், முடி உதிரும், கை நடுங்கும், தூக்கம் வரும். அரிதாகக் கல்லீரலையும் கணையத்தையும் பாதிக்கும்; ரத்தத் தட்டணுக்களைக் குறைக்கும். தொடர்ந்த வாந்தி, கடும் வயிற்றுவலி, கண் மஞ்சளாதல், காரணமின்றிக் கன்றிப்போதல் ஆகியவை தோன்றினால் உடனே காட்ட வேண்டும்.

இந்த மருந்தைப் பற்றி நான் மிகவும் கவலையோடு சொல்ல விரும்புவது பெண்களைப் பற்றியது. கருவுற்றிருக்கும்போது தாய் வால்ப்ரோயேட் எடுத்தால் பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்குச் சுமார் பத்துப் பேருக்குப் பிறவிக் குறைபாடு ஏற்படுகிறது. மருந்து எடுக்காத தாய்மாரின் குழந்தைகளிடம் இது நூற்றுக்கு இரண்டு மூன்றுதான். நூற்றில் முப்பது முதல் நாற்பது குழந்தைகளுக்கு நடப்பதிலும் பேசுவதிலும் கற்பதிலும் பின்னடைவு வருகிறது. போலிக் அமில மாத்திரை போட்டாலும் இந்த ஆபத்து நீங்கிவிடுவதில்லை. குழந்தையின் முதுகுத்தண்டு மூடிக்கொள்வது கரு உருவான முதல் நான்கு வாரங்களுக்குள், அதாவது பல பெண்களுக்கு நாள் தள்ளிப்போனதே தெரியாத காலத்துக்குள். ஆகவே உண்டான பிறகு மருத்துவரிடம் ஓடுவது மட்டும் போதாது. பத்தொன்பது வயதுப் பெண்ணுக்கு இந்த மாத்திரையை வாங்கிக்கொண்டே, நோயை மறைத்து வரன் பார்க்கும் பெற்றோரை நான் பார்த்திருக்கிறேன். புகுந்த வீட்டுக்குப் போன பெண் மாத்திரையை மறைத்துப் போடுவாள் அல்லது விட்டுவிடுவாள், இரண்டுமே தீங்குதான். கருத்தரிக்கும் வயதில் இருக்கும் பெண்ணுக்கு இயன்றவரை வேறு மருந்தைத் தேர்வது உலகெங்கும் இன்று வலியுறுத்தப்படும் நடைமுறை. உங்கள் மகளின் சீட்டில் இந்தப் பெயர் இருந்தால், அடுத்த முறை போகும்போது அதைப் பற்றி மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். ஆனால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மாதவிடாய் ஒழுங்கின்மையும் சினைப்பை நீர்க்கட்டிச் சிக்கலும்கூட இம்மருந்தோடு தொடர்புடையவை என்பதால் அவற்றையும் கூச்சமின்றிச் சொல்ல வேண்டும்.

கார்பமாசெபின் இப்போது குறைவாகவே கொடுக்கப்படுகிறது. ரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கும், வெள்ளணுக்களைக் குறைக்கும், கருத்தடை மாத்திரை உட்படப் பல மருந்துகளின் பலனைக் கெடுக்கும். ஆசிய மக்களில் சிலரிடம் உள்ள ஒரு மரபணு வகையால் தோல் உரியும் கடுமையான ஒவ்வாமையையும் உண்டாக்கக்கூடும்.

லாமோட்ரிஜின் மனச்சோர்வு திரும்பாமல் காப்பதில் நல்லது; எடையைக் கூட்டாது, தூக்கத்தில் ஆழ்த்தாது. ஆனால் மிக மெதுவாக ஏற்ற வேண்டிய மருந்து. முதல் இரண்டு வாரம் 25 மில்லிகிராம், அடுத்த இரண்டு வாரம் 50 என்று போகும். வால்ப்ரோயேட்டும் சேர்த்து எடுக்கிறவருக்கு அதில் பாதிதான். அவசரப்பட்டு ஏற்றினால் உயிருக்கு ஆபத்தான தோல் ஒவ்வாமை வரலாம். முதல் இரண்டு மாதங்களுக்குள் உடம்பில் தடிப்பு தோன்றினால், வாயிலும் கண்ணிலும் புண் வந்தால், வேர்க்குரு என்றோ அம்மை என்றோ எண்ணி வேப்பிலையோடு காத்திருக்காமல் மருந்தை நிறுத்தி அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஐந்து நாளுக்கு மேல் விட்டுப்போனால் பழைய அளவிலேயே மறுபடி தொடங்கக் கூடாது. மருத்துவரைக் கேட்டு அடியிலிருந்து ஏற வேண்டும்.

மூன்றாவது வகையைத்தான் மக்கள் தூக்க மாத்திரை என்கிறார்கள். ஓலான்சபின், குவெட்டியாபின், ரிஸ்பெரிடோன், அரிபிப்ரசோல், ஹாலோபெரிடால் முதலியவை அவை. உண்மையில் இவை தூக்க மாத்திரைகள் அல்ல. மூளையில் டோபமின் என்னும் வேதிப்பொருளின் மிகையான வேலையைக் கட்டுப்படுத்தி எழுச்சியைச் சில நாட்களிலேயே தணிப்பவை. குவெட்டியாபின் மனச்சோர்வு முனையிலும் உதவுகிறது. தூக்கம் இவற்றில் சிலவற்றின் பக்கவிளைவு. இரவில் மட்டும் போடுவது, போடும் நேரத்தை முன்தள்ளுவது போன்ற சிறு மாற்றங்களிலேயே காலை மந்தம் குறையும்.

ஓலான்சபினும் ஓரளவு குவெட்டியாபினும் பசியை அடங்காமல் எழுப்பும். இரவு பத்து மணிக்கு இரண்டாம் முறை சோறு கேட்கும் மகனை "தின்னு தின்னு படுக்கிறான்" என்று ஏசும் வீடுகளை நான் அறிவேன்; அது அவனுடைய ஆசையன்று, மருந்து எழுப்பும் பசி. மூன்று வேளையும் அரிசிச் சோறே உண்ணும் நம் பகுதியில் எடையும் சர்க்கரையும் கொழுப்பும் விரைவில் ஏறிவிடும். தொடங்கும் முன்பும், மூன்று மாதத்திலும், பிறகு ஆண்டுதோறும் எடை, இடுப்புச் சுற்றளவு, சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். ரிஸ்பெரிடோன் புரோலாக்டின் என்னும் சுரப்பை உயர்த்துவதால் சில பெண்களுக்கு மாதவிடாய் நின்று மார்பில் பால் சுரக்கும். மணமாகாத பெண்ணுக்கு இது நேர்ந்தால் வீட்டில் என்னென்ன பேச்சு எழும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அவளுக்கு முன்னரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தத் துன்பம் இருக்காது.

ஹாலோபெரிடால் போன்ற மருந்துகளால் சிலருக்கு, குறிப்பாக இளைஞர்களுக்கு, முதல் சில நாட்களில் கழுத்து ஒருபுறம் திருகிக்கொள்ளும், கண் மேலே செருகும், நாக்கு வெளியே தள்ளும். பார்ப்பவர்கள் காத்துக் கருப்பு என்று பூசாரியைத் தேடுவார்கள். மருத்துவமனையில் மாற்று ஊசி ஒன்று போட்டால் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் சரியாகிவிடும். இதைவிட ஏமாற்றும் விளைவு ஒன்று உண்டு. கால் ஓரிடத்தில் நிற்காமல், உட்கார்ந்தால் எழத் தோன்றி, எழுந்தால் நடக்கத் தோன்றி, உள்ளுக்குள் பொறுக்க முடியாத தவிப்பு வரும். நோய் திரும்புகிறது என்று எண்ணி மருந்தைக் கூட்டினால் தவிப்பும் கூடும். "மனசுல படபடப்பு இல்ல, கால்தான் நிக்க மாட்டேங்குது" என்று நோயாளி சொல்லும் அந்த ஒரு வாக்கியம் மருத்துவருக்குப் பெரிய உதவி. பல ஆண்டுகளுக்குப் பின் சிலருக்கு வாயும் நாக்கும் மெல்லுவதுபோல் தானாக அசையத் தொடங்கலாம். தொடக்கத்திலேயே கவனித்துச் சொல்வது நல்லது.

மனச்சோர்வு மாத்திரைகளைப் பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். இருமுனை நோயுள்ளவருக்கு அவற்றைத் தனியாகக் கொடுத்தால் மனம் எழுச்சி முனைக்குத் தாவிவிடலாம். சோர்வோடு ஒரு மருத்துவரிடம் போகும்போது, முன்பு எப்போதாவது தூக்கமில்லாமல் அளவுமீறிய உற்சாகத்தோடு இருந்த காலம் உண்டா என்பதை அவர் கேட்காவிட்டாலும் வீட்டார் சொல்ல வேண்டும். சோர்ந்து கிடப்பவருக்கு அது நினைவுக்கு வராது.

நிறுத்துவது எப்போது என்ற கேள்விக்கு எல்லாருக்கும் பொதுவான விடை இல்லை. பலமுறை நோய் வந்தவர்கள் நீண்டகாலம் எடுக்க வேண்டியிருக்கும். நிறுத்தலாம் என்று மருத்துவர் முடிவு செய்தாலும் லித்தியத்தைக் குறைந்தது நான்கு வாரங்களில், முடிந்தால் மூன்று மாதங்களில், படிப்படியாகக் குறைப்பார். ஒரே நாளில் நிறுத்தியவர்களுக்கு நோய், அதிலும் மேனியா, விரைவாகத் திரும்புகிறது. பிள்ளை பெற்ற முதல் சில வாரங்கள் இந்த நோயுள்ள பெண்ணுக்கு மிகவும் அபாயமான காலம். தாய்வீட்டில் பத்தியச் சோற்றோடு, இரவில் அவள் சில மணி நேரமாவது தொடர்ந்து தூங்கும்படி குழந்தையை வேறொருவர் பார்த்துக்கொள்வதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான்.

காவிரிக் கரையில் இருக்கும் குணசீலம் பெருமாள் கோயிலுக்கு மனநோயாளிகளை அழைத்துப்போய் ஒரு மண்டலம் தங்கவைக்கும் வழக்கம் நீண்ட காலமாக இருக்கிறது. போக வேண்டாம் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. நாற்பத்தெட்டு நாளைக்கான மாத்திரையை எண்ணி உறையில் போட்டுக் கொடுத்து, அங்கேயும் தவறாமல் போடுங்கள், நடுவில் ஒரு நாள் வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றுதான் சொல்வேன். கேட்டு நடந்தவர்கள் பலர்.

மருந்து வாங்கப் பணமில்லை என்பது இங்கே தடையாக இருக்கக் கூடாது. மாவட்ட மனநலத் திட்டத்தின் வழியாக அரசு மருத்துவமனைகளில் மருத்துவர் ஆலோசனையும் மாத்திரைகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. அரசு செலவில் மனநலச் சிகிச்சை பெறுவதை 2017-ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் உரிமையாகவே ஆக்கியிருக்கிறது. இரவில் எதையாவது கேட்க வேண்டுமானால் 2022-இல் தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416-ஐ எந்நேரமும் கட்டணமின்றி அழைத்துத் தமிழிலேயே பேசலாம். அரசு வழங்கும் அட்டையின் நிறமும் மாத்திரையின் உருவமும் ஒவ்வொரு கொள்முதலிலும் மாறலாம். பெயரும் மில்லிகிராமும் ஒன்றாக இருந்தால் பயப்பட வேண்டாம். ஆனால் லித்தியத்தில் சாதாரண வகையும் மெதுவாகக் கரையும் வகையும் இருக்கின்றன. ஒன்றுக்கு மற்றொன்றைத் தாமாக மாற்றிக்கொள்ளக் கூடாது, மெதுவாகக் கரைவதைப் பொடித்தும் விழுங்கக் கூடாது.

சன்னலில் நின்ற கடைசி சில ஆண்டுகளில், வருகிற எல்லாரையும் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிவரச் சொன்னேன். தேதி, தூங்கிய மணி நேரம், மாத்திரை, எடை, புதிதாக வந்த தொந்தரவு என ஒரு நாளைக்கு ஒரு வரி போதும். அந்தக் கடைமடைத் தாய்க்கு எழுதத் தெரியாது. மகன்தான் எழுதினான். ஒரு முறை வந்தபோது நோட்டைப் புரட்டிப் பார்த்தேன். ஆடி மாதத்துப் பக்கம் ஒன்றில், "பேதி இரண்டு முறை. லித்தியம் போடவில்லை. போன் செய்தோம். அம்மா மோர் கொடுத்தார்" என்று எழுதி, மறுநாள் வரியில் "சரியாகிவிட்டது. டாக்டர் சொன்னபடி இரவு போட்டேன்" என்று எழுதியிருந்தான். எழுத்து கொஞ்சம் நடுங்கியிருந்தது, படிக்கும்படியாகத்தான் இருந்தது.